டச்சு உணவுமேசை ஓவியம் வரையப் போகிறவர்களுக்கு: ஒளியிலிருந்து தொடங்குங்கள்

உரித்த எலுமிச்சை, சாய்ந்து கிடக்கும் வெள்ளிக் கிண்ணம், பாதி வெட்டிய ரொட்டி, பின்னால் சாம்பல் நிறச் சுவர். 1620-களிலிருந்து 1640-கள் வரை நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் பீட்டர் கிளாஸும் வில்லெம் ஹேடாவும் வரைந்த இந்த வகை ஸ்டில் லைஃப் (அசையாப் பொருள்) ஓவியங்களைப் பார்த்து, 'நாமும் ஒன்று வரையலாம்' என்று எண்ணெய் வண்ணம் வாங்குபவர்கள் பலர். இரண்டாவது வாரத்திலேயே பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். எலுமிச்சை காய்ந்துவிடும், நிழல் தினமும் இடம் மாறும், வெள்ளிக் கிண்ணத்தில் டியூப்லைட் தெரியும். இவை எல்லாமே முன்கூட்டியே தவிர்க்கக்கூடியவை.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். இந்த ஓவியங்களில் ஒரு பொருளுக்கு அர்த்தம் வருவது அது மேசையில் இருப்பதால் மட்டுமல்ல, ஒளி அதன்மேல் எவ்வளவு விழுகிறது என்பதாலும்தான். சாய்ந்த கிண்ணத்தை இருட்டில் வைத்துவிட்டால், வாழ்வின் நிலையாமையை யாரும் அதில் காணப்போவதில்லை. அதனால் பொருள் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் விளக்கை எங்கே வைப்பது என்று முடிவு செய்யுங்கள்.

1. மூலப் படமும் அதன் ஆவணங்களும்

நேரடியாகச் சொந்த மேசையை அடுக்காதீர்கள். முதலில் ஒரு மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்வது நல்லது. என் பரிந்துரை, ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள ஹேடாவின் 1635-ஆம் ஆண்டு ஓவியம், பொன்முலாம் பூசிய கோப்பை இருப்பது. படத்தில் பெரும்பகுதி சாம்பலும் பச்சை கலந்த பழுப்பும்தான். எலுமிச்சையின் மஞ்சளும் கோப்பையின் பொன்னும் மட்டும் தனித்து நிற்கும். குறைந்த நிறங்களில் ஒளியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம். கொஞ்சம் எளிதாக வேண்டுமென்றால் தி ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹவுஸில் உள்ள கிளாரா பீட்டர்ஸின் பாலாடைக்கட்டி ஓவியம் (சுமார் 1615).

இரண்டு அருங்காட்சியகங்களும் உயர்தரப் படங்களை இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. தரவிறக்கும்போது ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டியவை: ஓவியத்தின் தலைப்பு, ஆண்டு, அருங்காட்சியக எண், அசல் அளவு, படத்தின் உரிம வரி. ஹேடாவின் அந்த ஓவியம் 88 × 113 செ.மீ. ஓவியர் இறந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனதால் ஓவியத்துக்குக் காப்புரிமை இல்லை. ஆனால் புகைப்படக் கோப்புக்குச் சில அருங்காட்சியகங்கள் தனி நிபந்தனை வைக்கின்றன, குறிப்பாக விற்பனைக்குப் பயன்படுத்தினால். அந்த உரிம வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

கவனிக்க வேண்டிய பொறி ஒன்று இதில் உண்டு. தேடுபொறியில் கிடைக்கும் அதே ஓவியம் ஐந்து தளங்களில் ஐந்து நிறத்தில் இருக்கும். அருங்காட்சியகத்தின் சொந்தக் கோப்பை மட்டும் நம்புங்கள். அதிலும் எல்லா நிறமும் அன்று ஓவியர் வைத்த நிறம் அல்ல. அக்காலத்தில் இலைகளுக்குப் பயன்பட்ட தாவர மஞ்சள் சாயம் ஒளிபட்டு மங்கிவிட்டதால், டச்சுப் படங்கள் பலவற்றில் திராட்சை இலைகள் இன்று நீலமாகத் தெரிகின்றன. அதைப் பார்த்து நீல இலை வரையாதீர்கள். பழைய வார்னிஷ் மஞ்சளித்திருந்தால் வெள்ளைத் துணியும் பழுப்பாகத்தான் தெரியும்.

2. எந்தப் பொருள், என்ன அர்த்தம்

குறியீடுகளை அகராதிபோல மனப்பாடம் செய்து மேசையில் குவிப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. மண்டையோடு, கடிகாரம், அணைந்த மெழுகுவர்த்தி ஆகியவை காலத்தையும் மரணத்தையும் குறிக்கின்றன என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. உணவுப் பொருள்கள் அப்படியல்ல. ஒவ்வொரு சிப்பிக்கும் ஒரு நீதி இருந்ததா, அல்லது பார்ப்பதன் மகிழ்ச்சிக்காகவே வரைந்தார்களா என்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாக வாதிடுகிறார்கள். இரண்டும் சேர்ந்தே இருந்தன என்று எடுத்துக்கொள்வதே வரைபவருக்கு உதவும்.

வேலைக்குப் பயன்படும் அளவில் சொல்கிறேன்.

ரொட்டியும் திராட்சை மதுவும் கிறிஸ்தவப் பார்வையாளருக்கு நற்கருணையை நினைவூட்டும். உடைத்த வால்நட்டும் அப்படியே: ஓடு சிலுவை மரம், பருப்பு கிறிஸ்து என்ற விளக்கம் திருச்சபையில் பழையது. எலுமிச்சை வெளியே அழகு, உள்ளே புளிப்பு. அதோடு தெற்கு ஐரோப்பாவிலிருந்து வந்த விலையுயர்ந்த பழம் என்பதால் வசதியின் அடையாளமும்கூட. சிப்பி காமத்தைத் தூண்டும் உணவு என்று கருதப்பட்டது. பாலாடைக்கட்டி அடுக்கின் மேல் வெண்ணெய்த் தட்டு இருந்தால், அது ஒருபக்கம் நாட்டின் பால்வளம், மறுபக்கம் அளவுக்கு மீறிய உணவு. சாய்ந்த கிண்ணம், பாதி தின்ற 'பை' (மாவு ஓட்டுக்குள் இறைச்சியோ பழமோ வைத்துச் சுட்ட பண்டம்), கசங்கிய துணி மூன்றும் ஒரே செய்தியைச் சொல்கின்றன: இங்கே யாரோ இருந்தார்கள், எழுந்து போய்விட்டார்கள்.

மிளகு தனிக் கவனம் பெற வேண்டியது. கிளாஸ் 1627-இல் வரைந்த வான்கோழிப் பை ஓவியத்தில் பஞ்சாங்கத் தாளைச் சுருட்டிய கூம்பில் மிளகு இருக்கிறது. அருகில் நாட்டிலஸ் என்ற கடலுயிரியின் சுருள் ஓட்டால் செய்த கோப்பையும் சீனப் பீங்கான் கிண்ணமும். 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் வணிகம் முழுவதும் அந்த ஒரு மேசையில் தெரிகிறது. ஒரு துண்டு அச்சுத்தாளும் ஒரு கரண்டி மிளகும் போதும், உங்கள் படத்திலும் அது வந்துவிடும். செலவு கிட்டத்தட்ட இல்லை.

மொத்தம் ஐந்திலிருந்து ஏழு பொருள்கள். ஒரு உலோகம், ஒரு கண்ணாடி, ஒரு பழம், ஒரு ரொட்டி, ஒரு துணி, ஒரு கத்தி. அதற்கு மேல் போனால் முதல் படம் முடியாது.

நம் ஊரில் இவற்றுக்கு மாற்று தேடும்போது:

- அந்தத் தட்டுகளும் குடங்களும் பியூட்டர் என்ற உலோகம். அதில் பெரும்பங்கு வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயம்தான். அதன் மங்கிய, மென்மையான பளபளப்பு பியூட்டருக்கு மிக நெருங்கி வரும். எவர்சில்வர் வேண்டாம், கண்ணாடிபோல அறை முழுவதையும் காட்டும். ஈயச்சொம்பைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்காமல் அப்படியே வையுங்கள்.
- நம் எலுமிச்சையின் தோல் மெல்லியது. சுருளாகத் தொங்காது, வெள்ளைச் சதையும் தெரியாது. நன்றாகப் பழுத்த நார்த்தம்பழம் வாங்குங்கள், அல்லது பெரிய கடைகளில் கிடைக்கும் தடித்த தோல் கொண்ட இறக்குமதி எலுமிச்சை.
- துணிக்குக் கஞ்சி போட்டு மடித்த வெள்ளை வேட்டி. டச்சு மேசைவிரிப்புகளில் மடிப்புக் கோடுகள் தெளிவாகத் தெரியும், அதனால் இஸ்திரி போட்டு மடிப்பை அழிக்காதீர்கள்.
- கண்ணாடிக்கு, பச்சை கலந்த தடித்த காம்புள்ள கோப்பை. திராட்சைச் சாறும் தண்ணீரும் கலந்து ஊற்றினால் போதும்.

முழு எலுமிச்சையை மட்டும் தனியாக வைக்காதீர்கள். நம் பார்வையாளர் அதைத் திருஷ்டிக்கு வைத்ததாகத்தான் படிப்பார். உரித்து, சுருளைத் தொங்கவிட்டால் கண் வேறு திசையில் போகும்.

3. ஒளியை அமைத்தல்

நேரத்தை அதிகம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஒரு முழு மாலை ஒதுக்குங்கள்.

ஒரே ஒளி மூலம். இடப்பக்கத்திலிருந்து, மேலிருந்து. வலதுகைக்காரர் வரையும்போது கையின் நிழல் வேலையின்மேல் விழாமல் இருக்க இந்த ஏற்பாடு உதவும். இடதுகைக்காரர்கள் தாராளமாக மாற்றி வைத்துக்கொள்ளலாம், மூலப் படத்தைப் பிரதி எடுக்காதவரை. கடிகார முகத்தில் நீங்கள் 6-இல் உட்கார்ந்திருப்பதாக வைத்தால், விளக்கு 8-க்கும் 9-க்கும் இடையில் இருக்க வேண்டும். உயரத்தைச் சரிபார்க்க 10 செ.மீ. உயரமுள்ள ஏதேனும் ஒன்றை மேசையில் நிமிர்த்தி வையுங்கள். நிழல் 10 முதல் 14 செ.மீ. நீளம் இருந்தால் சரி. குறைவாக இருந்தால் விளக்கு அதிக உயரத்தில் இருக்கிறது, பழங்கள் தட்டையாகத் தெரியும். அதிகமாக இருந்தால் நிழல்கள் அடுத்த பொருளை விழுங்கிவிடும்.

வடக்கு ஜன்னல்தான் நல்லது என்று எல்லா ஐரோப்பியப் பயிற்சி நூல்களிலும் இருக்கும். ஹார்லெமில் அது உண்மை. அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில்தான். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போகிறது. மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் இந்தக் காலம் இன்னும் நீளம். அதுமட்டுமல்ல, மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை காலையிலும் மாலையிலும் தாழ்ந்த வெயில் வடக்கு ஜன்னலுக்குள் நேராக வரும். ஆக, வடக்கு ஜன்னலை நம்பினால் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வேலையை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மாதங்களில் ஜன்னலில் டிரேசிங் பேப்பர் ஒட்டுங்கள், அல்லது விளக்குக்கு மாறிவிடுங்கள். நான் விளக்கையே சொல்வேன். ஜன்னல் ஒளி இரண்டு மணி நேரத்தில் மாறிவிடும், விளக்கு இரவு பத்து மணிக்கும் அதேபோல எரியும்.

விளக்கு வாங்கும்போது பெட்டியில் இரண்டு எண்களைப் பாருங்கள்: நிற வெப்பநிலை 5000 கெல்வின் அளவில், சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90-க்கு மேல். சாதாரண எல்.இ.டி. பல்புகளில் சி.ஆர்.ஐ. 80 அளவில்தான் இருக்கும். ரொட்டியின் செம்பழுப்பு செத்துப்போன நிறமாகத் தெரியும். பல்பின் முன் 60 × 60 செ.மீ. மரச்சட்டத்தில் டிரேசிங் பேப்பரை இழுத்து ஒட்டி வையுங்கள். இதுதான் உங்கள் ஜன்னல். கண்ணாடிக் கோப்பையில் ஜன்னல் போன்ற பிரதிபலிப்பு வர, பேப்பர் மேல் கறுப்பு டேப்பால் ஒரு சிலுவைக் குறுக்குச் சட்டம் ஒட்டலாம்.

தூரம் முக்கியம். சட்டம் முதல் பொருளிலிருந்து 1 மீட்டரில் இருந்தால், 40 செ.மீ. தள்ளியிருக்கும் பொருளுக்குச் சுமார் பாதி ஒளிதான் போகும். 2 மீட்டரில் வைத்தால் அதே பொருளுக்கு எழுபது சதவீதம் அளவு போய்ச்சேரும். இடப்பக்கம் பளிச்சென்று தொடங்கி வலப்பக்கம் மங்கிப்போகும் அந்த ஹார்லெம் தோற்றம் வேண்டுமென்றால் கிட்டே வையுங்கள். எந்தப் பொருள் படத்தின் மையக் கருத்தோ, அது அந்த முதல் 20 செ.மீ.க்குள் நிற்கட்டும்.

பின்சுவருக்குச் சாம்பல் பழுப்புச் சார்ட் தாள், பொருள்களுக்கு 60 செ.மீ. பின்னால். ஒளிபடும் இடப்பக்கத்துக்குப் பின்னால் சுவர் இருட்டாகவும், நிழல் விழும் வலப்பக்கத்துக்குப் பின்னால் சுவர் வெளிச்சமாகவும் இருந்தால் பொருள்கள் சுவரிலிருந்து பிரிந்து நிற்கும். தானாக இது நடக்காது, விளக்கு இடப்பக்கம் இருப்பதால் சுவரின் இடப்பக்கம்தான் அதிகம் ஒளிரும். விளக்குக்கும் சுவரின் இடப்பகுதிக்கும் நடுவே ஒரு கறுப்பு அட்டையை நிறுத்தி அந்த ஒளியை வெட்டுங்கள். இன்னொரு கறுப்பு அட்டையை வலப்பக்கம், படத்துக்கு வெளியே நிறுத்துங்கள். வெள்ளைச் சுவர் உள்ள அறையில் இது இல்லாவிட்டால் நிழல்கள் எல்லாம் வெளுத்துப்போகும்.

உங்கள் கேன்வாஸுக்குத் தனி விளக்கு வேண்டும், அதே 5000 கெல்வினில். அது மேசைமேல் சிந்தக்கூடாது. பெரும்பாலான 'இரட்டை நிழல்' பிரச்சினைகள் இங்கிருந்துதான் வருகின்றன. அறையின் டியூப்லைட்டை அணைத்தே ஆக வேண்டும். உலோகம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். கிளாரா பீட்டர்ஸ் இதையே தனக்குச் சாதகமாக்கிக்கொண்டார்: அந்தப் பாலாடைக்கட்டி ஓவியத்தில் குடத்தின் உலோக மூடியில் அவருடைய சிறிய முகம் தெரியும், கத்தியின் பிடியில் அவர் பெயர் இருக்கும். நீங்கள் அணியும் சட்டை அடர் நிறமாக இருக்கட்டும். வெள்ளைச் சட்டை ஈயச்சொம்பில் ஒரு விளக்காகவே மாறிவிடும்.

கண் உயரம்: மேசைப் பரப்புக்கு 35 செ.மீ. மேலே, பொருள்களிலிருந்து 120 செ.மீ. தள்ளி. அப்போது வட்டத் தட்டு, அகலத்தில் கால்பங்குக்குச் சற்று அதிக உயரமுள்ள நீள்வட்டமாகத் தெரியும். நாற்காலியின் கால்களைத் தரையில் டேப்பால் குறித்துவிடுங்கள்.

கத்தியின் பிடியும் தட்டின் விளிம்பும் மேசையோரத்தைத் தாண்டி 3–5 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும், படத்துக்கு ஆழம் கிடைக்கும். அடியில் களிமண் உருண்டை வைத்து ஒட்டாவிட்டால் இரவில் பூனையோ காற்றோ எல்லாவற்றையும் தள்ளிவிடும்.

4. சாமான்களும் செலவும்

விலை கடைக்குக் கடை மாறும். மாணவர் ரக வண்ணம், 30 × 40 செ.மீ. கேன்வாஸ், விளக்கு எல்லாம் சேர்த்துச் சுமார் 4,000 முதல் 5,000 ரூபாய்க்குள் தொடங்கிவிடலாம். பணத்தை விளக்கிலும் இரண்டு நல்ல தூரிகைகளிலும் போடுங்கள். வண்ணத்தில் சிக்கனம் பிடிக்கலாம், ஏனென்றால் எட்டு டியூப் போதும்: டைட்டானியம் வெள்ளை, ஐவரி கறுப்பு, ரா அம்பர், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர், லெமன் யெல்லோ, அல்ட்ராமரின், அலிசரின் கிரிம்சன். வெள்ளை மட்டும் பெரிய டியூப்.

அசல் ஓவியர்கள் ஈய வெள்ளையும் ஈய-வெள்ளீய மஞ்சளும் பயன்படுத்தினார்கள். இரண்டும் நச்சு. 'அசல் முறை' என்ற ஆசையில் அவற்றைத் தேடி வாங்க வேண்டாம்.

லின்சீட் எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் உண்டாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடிய டப்பாவில் வையுங்கள். டர்பன்டைன் திறந்திருக்கும்போது ஜன்னலும் திறந்திருக்க வேண்டும்.

5. அழுகும் வரிசையில் வரையுங்கள்

முதல் நாள் கேன்வாஸுக்கு ரா அம்பரை நீர்க்கக் கரைத்து மெல்லியதாகப் பூசி நடுத்தர நிறம் கொடுங்கள். இரண்டாம் அமர்வில் வரைகோடு, மூன்றாவதில் அம்பரும் வெள்ளையும் மட்டும் வைத்து இருள்-ஒளி அடுக்கு. டச்சுக்காரர்கள் இதைச் 'செத்த வண்ணம்' என்பார்கள். இந்த அடுக்கிலேயே படம் புரியவில்லை என்றால் நிறம் வந்தும் புரியாது. செல்பேசியில் கறுப்பு-வெள்ளையாகப் படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதன்பின் எது முதலில் கெடுமோ அதை முதலில். சிப்பியோ மீனோ வைத்தால் ஒரே அமர்வு, பனிக்கட்டிமேல், இரண்டு மணி நேரம். அடுத்து வெட்டிய பழம், அதற்கடுத்து திராட்சை, பிறகு ரொட்டி. ஈயச்சொம்பு, கண்ணாடி, துணி கடைசியில். பாலாடைக்கட்டி நம் வெயிலில் வியர்த்து எண்ணெய் விடும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் வரையாமல், ஈரம் வற்றும்வரை பொறுத்துத் தொடங்குங்கள். திராட்சையைக் காம்பைப் பிடித்து மட்டும் தூக்குங்கள். மேலே படிந்திருக்கும் வெண்பூச்சில் விரல் பட்டால் போனது போனதுதான், அதில்தான் அதன் மென்னொளி முழுவதும் இருக்கிறது.

6. சிக்கலான மூன்று பரப்புகள்

எலுமிச்சை. நான்கைந்து பழங்கள் வாங்கி வையுங்கள். தோலை 1.5 செ.மீ. அகலத்தில் காம்புப் பக்கத்திலிருந்து சுற்றி உரித்து, அறுக்காமல் தொங்கவிடுங்கள். விளக்கின் கீழ் சதையின் ஈரப்பளபளப்பு அரைமணி நேரம்கூடத் தாங்காது. தண்ணீர் தெளித்துக்கொண்டே வேலை செய்யுங்கள், பிறகு அடுத்த பழம். உள்தோல் வெள்ளை என்று நினைத்து வெள்ளையைப் பூசுவதுதான் பொதுவான பிழை. அது வெள்ளையோடு சிறிது ஓக்கரும் அம்பரும் கலந்த மங்கிய நிறம். தூய வெள்ளைக்குச் சுருளின் ஒரு முகட்டில் மட்டும் இடம் உண்டு. தோலின் துளைகளைப் பழம் முழுக்கப் புள்ளி வைக்காதீர்கள். ஒளி நிழலாக மாறும் அந்த எல்லைப் பட்டையில் மட்டுமே அவை தெளிவாகத் தெரியும்.

கண்ணாடி. கோப்பையை வரையாதீர்கள், அதன் வழியே தெரிவதை வரையுங்கள். பின்சுவர் நிறத்தை அப்படியே கோப்பைக்குள்ளும் கொண்டுபோய், சற்று இருட்டாக்கி, பிறகு விளிம்புகள். ஜன்னல் பிரதிபலிப்பு இடப்பக்கம் மேலே ஒன்று. எதிர்ப்புற உட்சுவரில், வலப்பக்கம் கீழே, மங்கலாகத் தலைகீழாக இன்னொன்று. மது எங்கே அதிகம் ஒளிர்கிறது என்று கவனியுங்கள். விளக்குப் பக்கம் அல்ல. ஒளி திரவத்துக்குள் புகுந்து குவிந்து, விளக்குக்கு எதிர்ப்பக்கத்தில்தான் தணல்போல எரியும். மேசைத்துணியில் கோப்பையின் நிழலுக்குள்ளும் அந்த ஒளியின் ஒரு துளி விழுந்திருக்கும். அதை வைத்தவுடன் மது மதுவாகிவிடும்.

ஈயச்சொம்பு. கறுப்பும் வெள்ளையும் கலந்தால் வரும் சாம்பல் நீலம் பாய்ந்தது. அம்பர் சேர்த்து இன்னொரு சாம்பல் கலக்குங்கள். இந்த இரண்டையும் ஒளி அளவில் ஐந்து படிகளாகப் பாலெட்டில் முன்பே வைத்துக்கொண்டால், உலோகம் பாதி முடிந்த மாதிரி. எலுமிச்சைக்குப் பக்கத்தில் இருக்கும் உலோகத்தில் மஞ்சள் பிரதிபலிக்கும். பழம் காய்வதற்குள் அந்த ஒரு திட்டை மட்டும் குறித்துவிடுங்கள். பின்சுவருக்கு ஓக்கரும் ஐவரி கறுப்பும் சேர்த்தால் ஹேடாவின் அந்தப் பச்சைச் சாம்பல் கிடைக்கும், பச்சை டியூப் தேவையில்லை.

முழு வெள்ளை ஹைலைட் (பளிச்சென்ற ஒளிப்புள்ளி) படம் முழுவதும் ஐந்தாறு இடங்களுக்கு மேல் வேண்டாம். மிகக் கூர்மையானது, நீங்கள் சொல்ல வந்த பொருளின்மேல். சாய்ந்த கிண்ணம்தான் கருத்து என்றால் அதன் உள்விளிம்பில். கோப்பைக்கும் கத்திக்கும் ரொட்டிக்கும் சமமாகப் பளபளப்பு கொடுத்தால் குறியீடு எதுவும் மிஞ்சாது, பாத்திரக்கடைப் பட்டியல்தான் மிஞ்சும்.

7. காய்தல், வார்னிஷ், விற்பனை

அம்பர் ஓரிரு நாளில் தொட்டுப் பார்க்கும் அளவுக்குக் காயும். டைட்டானியம் வெள்ளைக்கும் ஐவரி கறுப்புக்கும் ஒரு வாரம்வரை ஆகலாம். கீழடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேலடுக்கில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாறினால் வண்ணத்தில் விரிசல் விழும். வடகிழக்குப் பருவமழையில் எல்லாம் மெதுவாகும், கேன்வாஸின் பின்புறம் பூஞ்சை பிடிக்கும். ஈரச் சுவரில் சாய்த்து வைக்காமல், நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டி இடைவெளி விடுங்கள். இறுதி வார்னிஷுக்குக் குறைந்தது ஆறு மாதம். அவசரமாகக் கண்காட்சிக்கு வேண்டுமென்றால் ரீடச் வார்னிஷ் (தற்காலிக வார்னிஷ்) மெல்லியதாக ஒரு பூச்சு.

பிரதி எடுத்திருந்தால் ஹேடாவின் கையெழுத்தைப் போடாதீர்கள். பின்புறம் 'ஹேடா, 1635 ஓவியத்தின் பிரதி' என்றும், உங்கள் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். அசல் அளவிலேயே வரையாமல் இருப்பது நல்லது. 30 × 40 செ.மீ. என்றால் அதை அசல் என்று யாரும் நினைத்துவிடும் கவலை இல்லை.

இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்புபவர்களுக்கு: 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட ஓவியம் தொல்பொருள். உங்கள் படம் பழையதுபோலத் தோன்றினால் சுங்கத்தில் கேள்வி வரலாம். இந்தியத் தொல்லியல் துறை தரும் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழை முன்கூட்டியே வாங்கிக்கொண்டால் பெட்டி நடுவழியில் நிற்காது. விண்ணப்பத்துக்குப் படத்தின் முன்புற, பின்புறப் புகைப்படங்களை எடுத்து வையுங்கள். கேன்வாஸ் வாங்கிய ரசீதும், ஒவ்வொரு அடுக்கிலும் எடுத்த படங்களும் கையில் இருந்தால் விளக்குவது எளிது. அனுப்பும் தேதி தெரிந்தவுடனேயே விண்ணப்பித்துவிடுங்கள், வார்னிஷ் காயும்வரை காத்திருக்க வேண்டாம்.